யாரிடமும் சொல்லாதவர்

ஜீப்பின் முன் சீட்டு காலியாக வந்தால் அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பெரிய கவலை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்கு ஆள் ஏற்றி வரும் அந்த ஜீப்பில் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் மடியில் மூட்டையும் கோழியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். மனசில் எதையாவது வைத்துக்கொண்டு தவிப்பவர்கள்தான் முன்னால் ஏறுவார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை, அப்படியே பழகிவிட்டது. டிரைவரும் முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். "நீ முன்னால வா கண்ணு, பின்னால எடமில்ல" என்பார். பின்னால் இடம் இருக்கும்.

அவரை நாங்கள் டிரைவரண்ணன் என்று கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்துப்போனவரைப் பெயர் சொல்லித் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

காது கொடுத்துக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "ரோட்டப் பாத்துட்டேதான் கேப்பேன், நீ சொல்லு சாமி" என்பார். அந்த ரோட்டில் கண்ணை எடுக்கவும் முடியாது, ஒரு பக்கம் பள்ளம். முகத்தைப் பார்க்காத ஆளிடம் எதையும் சொல்லிவிடலாம் என்பது அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நடுவில் கேள்வி கேட்க மாட்டார். புத்தி சொல்ல மாட்டார். சொல்கிறவருக்குக் குரல் கம்மும்போது கியரைக் குறைத்து வண்டியை மெதுவாக விடுவார். பின்னால் இருப்பவர்கள் மேடு ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது மட்டும் ஒரு வார்த்தை: "எங்கிட்டச் சொன்னது எங்கிட்டயே இருக்கும். யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்."

சொன்னபடிதான் இருந்தார். அவர் வாயிலிருந்து இன்னொருவர் வீட்டுச் சங்கதி வெளியே வந்ததாக ஒருத்தரும் சொல்ல முடியாது. டீக்கடையில் நாலு பேர் வம்பு பேசினால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதுவார்.

காபிப் பழம் பறித்து முடிந்த பிறகு, மாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை வரும். இரண்டாம் நாள் நாடகம். மற்ற ஊர்களில் விடிய விடிய நடக்கும் சங்கதி, எங்கள் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடிந்துவிடும். செம்மநத்தத்திலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் வருகிறவர்களைப் பனி இறங்குவதற்குள் ஜீப்பில் கொண்டுபோய் விட வேண்டும், அந்த ஜீப்பை ஓட்ட வேண்டியவரும் அவர்தான். காபி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் ஒரு ஓரமாக மேடை. பகல் வெளிச்சத்தில் நடிக்கிற எங்களுக்கு, முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முகமும் ஒன்று விடாமல் தெரியும்.

ஒரு வருஷம் அவர் போட்ட நாடகத்தில், மாமியாருக்குப் பயந்து செல்போனை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் மருமகள் ஒருத்தி வந்தாள். போன் அடிக்கும், பானை பாடும், மாமியார் பூசாரியைக் கூட்டி வருவாள். களமே உருண்டு புரண்டு சிரித்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தது. பக்கத்தில் அந்த அக்காவின் மாமியார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்பு முன் சீட்டில் அடிக்கடி ஏறியது எனக்கு ஞாபகம் வந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவர் நாடகம் பழக்கும் விதமே தனி. முழு நாடகத்தையும் யாருக்கும் தர மாட்டார். ஆளுக்கு அவரவர் பேச வேண்டியதை மட்டும் ஒரு தாளில் எழுதித் தருவார். ஒவ்வொரு வசனத்துக்கு மேலேயும், முன்னால் பேசுகிறவரின் கடைசி வார்த்தை மட்டும் இருக்கும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நாம் தொடங்க வேண்டும். ஒத்திகையும் இரண்டிரண்டு பேராகத்தான். முக்கியமான கட்டம் வந்தால், "இத மேடையில பாத்துக்கலாம், இப்பவே பேசுனா அன்னைக்குப் பழசாப் போயிரும்" என்று தாண்டிவிடுவார். கதை மொத்தமும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நடிக்கிறவனுக்குக்கூட அன்றைக்குத்தான் தெரியும். அதில் எங்களுக்கு ஒரு குஷியும் இருந்தது.

இனி எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, இருபது முப்பது கமலா ஆரஞ்சு மரம், இரண்டு மகன்கள். நான்கில் மகன்களின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், "பெரியவன் இஞ்சினியருங்க, சின்னவன் பேங்க்குங்க" என்று அறிமுகம் செய்வார். அப்போது அண்ணன் சேலத்தில் இரண்டாம் வருஷம், நான் பிளஸ் டூவில் கணக்கில் பெயில் ஆகிற நிலையில் இருந்தேன். எங்கள் சாதியில் எங்கள் ஊரிலிருந்து முதலில் இஞ்சினியருக்குப் போனவன் அண்ணன்தான். அவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கும்போது தோளில் டிராயிங் தாள் சுருட்டி வைக்கும் நீளமான கறுப்புக் குழாய் தொங்கும். மலையில் அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தவன் அவன் ஒருவனே. அப்பா வாசலிலேயே நின்று அதை வாங்கிக்கொள்வார். அவனை விடப் பத்திரமாக அதைத்தான் உள்ளே கொண்டுபோவார்.

நாடகத்திலும் அப்பாவுக்கு இதே கணக்குதான். நான் நடிப்பதற்கு அவர் சம்மதித்ததே, மேடைப் பயம் போனால் பேங்க் இன்டர்வியூவுக்கு நல்லது என்பதால். "ஏறுனா மொத ஆளா இருக்கோணும் சாமி. ஊர்ல வேற எவனும் பேர் வாங்கப்படாது" என்பார். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பேசப் பேச அவர் உதடும் அசையும். என் தாளை வாங்கி எனக்கு முன்பே மனப்பாடம் செய்திருப்பார். நான் ஒரு சொல்லை விட்டால் நெற்றியில் அடித்துக்கொள்வார். பகல் வெளிச்சத்தில் அதுவும் தெரியும்.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டான். அதை என்னிடம் மட்டும் சொன்னான். பாடம் ஏறவில்லை, அரியர் மேல் அரியர், ஒரு நாள் காலேஜ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டானாம். பிறகு ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அந்தக் கறுப்புக் குழாயை ஒரு வாழைப்பழக் கடையில் கொடுத்து வைப்பான். வெள்ளிக்கிழமை வாங்கி மாட்டிக்கொண்டு மலை ஏறுவான். உள்ளே இருந்தது எப்போதோ போட்ட ஒரே படம். "அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாருடா. நீ வாயத் தொறந்தா நானே செத்துருவேன்" என்றான். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான்.

நான் அதை நாலு மாசம் தாங்கினேன். அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழாயை வாங்கி ஆணியில் மாட்டும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஐப்பசியில் ஒரு மழை நாளில் ஏற்காட்டில் ஜீப்புக்கு நின்றபோது டிரைவரண்ணன் என்னைப் பார்த்தார். "முன்னால வா கண்ணு, பின்னால எடமில்ல" என்றார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பழக் கடை உட்பட. அவர் கியரைக் குறைத்தார். இறங்கும்போது, "எங்கிட்டயே இருக்கும் சாமி, நீ நிம்மதியாத் தூங்கு" என்றார். தூங்கினேன்.

அந்த வருஷ நாடகத்தில் எனக்குத் தம்பி வேஷம். ஒரு அப்பன், இரண்டு மகன்கள், அப்பன் ரொம்ப ஆசை வைத்திருக்கிறான் என்பது மட்டும் தெரியும். இந்தக் கதை எந்த ஊரில்தான் இல்லை என்று இருந்துவிட்டேன். என் தாளில் ஒரு இடத்தில் மேலே "வெச்சிருக்கேன்" என்று இருந்தது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியது: "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னண்ணா ஆகும்?" அண்ணன்காரன் பிராந்தி பாட்டிலை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் போல என்று நினைத்தேன். அப்பாவும் என் தாளைப் படித்துவிட்டு அப்படித்தான் சொன்னார். "கொரல கொஞ்சம் நடுங்க விடு, எடுபடும்" என்றார்.

மேடையில் அண்ணன் வேஷம் போட்ட எலெக்ட்ரீஷியன் பையன் உள்ளே வந்தான். அவன் தோளில் ஒரு நீளமான கறுப்புக் குழாய் தொங்கியது. நான் அதைப் பார்த்தபடியே நின்றேன். அவன் உட்கார்ந்து, காலேஜை விட்டதைச் சொன்னான். வாசல் வரை போய்த் திரும்பியதைச் சொன்னான். "இந்தக் கொழாய பஸ் ஸ்டாண்டுப் பழக் கடையிலதான்டா வாரா வாரம் வெச்சிருக்கேன்" என்றான். நான் என் வசனத்தைச் சொன்னேன். குரலை நடுங்க விட வேண்டிய வேலையே இல்லை, அதுவே நடுங்கியது. களம் முழுக்கக் கை தட்டியது. நான் மேடையில் நன்றாக நடித்ததாக ஊர் இன்றும் சொல்வது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

கை தட்டி முடித்ததும் தலைகள் திரும்பத் தொடங்கின. முதலில் பெண்கள் பக்கம், பிறகு எல்லாரும். அந்தக் குழாயை வெள்ளிக்கிழமைதோறும் பார்த்தவர்கள்தானே. பாதிப் பேர் முதல் வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தார்கள். மீதிப் பேர் களத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்ற என் அண்ணனைப் பார்த்தார்கள். மேடையில் அப்பன் வேஷம் போட்டவர் அழுதுகொண்டே வந்து மகனைக் கட்டிக்கொண்டார். "படிக்காட்டிப் போவுது சாமி. நீ எங்கண்ணு முன்னால இருந்தாப் போதும். உன்ற வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்" என்றார். நல்ல வசனம். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா எழுந்தார். எங்கள் ஊரில் நன்றாக நடித்தவர்களுக்கு நாடகத்தின் நடுவிலேயே மேடையேறித் துண்டு போர்த்துவார்கள், மைக்கில் இரண்டு வார்த்தையும் பேசுவார்கள். அப்பா எனக்கென்று வருஷா வருஷம் ஒரு துண்டு வாங்கி வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு வந்து என் தோளில் போட்டார். மைக்கை வாங்கினார். "எம்பட சின்னப் பையன் நல்லா நடிச்சானுங்க. கத நல்லா இருக்குது. ஆனா இந்த மாதிரி அப்பன ஏமாத்தற பையன் எங்கூட்ல இருந்திருந்தா நான் கட்டிப் புடிச்சு அழமாட்டனுங்க, அன்னைக்கே தல முழுகியிருப்பேன்" என்றார். மரத்தடியைப் பார்க்காமலே சொன்னார். நான் பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஜீப் நிற்கும் பக்கமாக நடந்து போனான்.

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். குழாய் ஆணியிலேயே இருந்தது. வழியனுப்ப ஏற்காடு வரை நான் போனேன். பஸ் ஏறுவதற்கு முன்னால், "அந்த ஆளு என்னையப் பஸ் ஸ்டாண்டுல எங்கயோ பாத்துருக்கறான்டா. பழக் கடைக்காரனக் கேட்டு எல்லாத்தையும் புடிச்சுருக்கறான்" என்றான். நான், "ஆமாண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். இப்போது ஓசூரில் இருக்கிறான். கல்யாணத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டான். அம்மா மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வாரம் கழித்து டிரைவரண்ணனை மடக்கினேன். ஜீப்பில் ஆள் ஏறுவதற்கு முன்பு, அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்களேண்ணா."

"யாருகிட்டச் சொன்னேன் சாமி? பேரச் சொன்னனா, ஊரச் சொன்னனா?"

"அந்தக் கொழாய மாட்டி உட்டீங்களே."

துணியை உதறினார். "நல்லபடியா முடியோணும்னுதான் எழுதுனேன். கடைசிக் கட்டத்தப் பாத்துட்டு உங்கப்பா மேடையேறி அழுவாரு, உங்கண்ணனக் கூப்புடுவாருன்னு இருந்தேன். எப்பேர்ப்பட்ட கட்டம் அது. உங்கப்பா கெடுத்துப் போட்டாரு" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. நாடகம் கெட்டுப்போன வருத்தம் அது. அப்படிப்பட்ட ஆளிடமா நான் என் அண்ணனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் நான் ஏறவில்லை. பஸ் வராத நாளில் நடந்தே போவேன். பதினோரு வருஷம் அப்படியே இருந்துவிட்டேன்.

போன தை மாசம் அவர் செத்துப்போனார். தலைச்சோலை முழுக்கத் துக்கத்துக்குப் போனது, செம்மநத்தத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். முன் சீட்டில் ஏறாத வீடு என்று எது இருக்கிறது. அப்பா மட்டும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். ஊரே போகிறது, நாம் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ போய்ட்டு வா சாமி" என்றார். போய்விட்டு வந்து குளித்துத் தலை துவட்டும்போது என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நாடகத்துல அப்பன் வேசக்காரன் பேசுனது ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது என்றேன். அவர் அந்த வசனத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். படிக்காட்டிப் போவுது என்பதில் தொடங்கி, என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன் என்பது வரை.

"அது அவன் எழுதுனது இல்ல. நான் சொன்னது" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவர் ஒரு பை கமலா ஆரஞ்சு எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் அண்ணனைப் பார்க்கக் காலேஜுக்குப் போயிருக்கிறார். ஆபீஸில் விசாரித்தபோது அவன் வந்தே வெகு நாளாயிற்று என்றிருக்கிறார்கள். பையோடு திரும்பி வந்து ஏற்காட்டில் ஜீப்புக்கு நின்றிருக்கிறார். முன்னால வாங்க, பின்னால எடமில்ல என்று டிரைவரண்ணன் கூப்பிட்டிருக்கிறார்.

"அழுதுட்டே சொன்னேன். அவனா வந்து சொல்லட்டும், நானாக் கேட்டா ஒடஞ்சு போயிருவான்னு சொன்னேன். ஒருத்தருகிட்டயும் சொல்லிராதேன்னு கையப் புடிச்சுக் கேட்டேன். எங்கிட்டயே இருக்கும்னான்."

ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாசங்களை எண்ணிப் பார்த்தேன். ஐப்பசியிலிருந்து மாசி வரை, மாசக்கணக்காக, மகனின் பயமும் அப்பனின் மன்னிப்பும் அந்த ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அண்ணனை அவர்தான் குழாயோடு ஏற்றி வந்தார். எங்கள் மூன்று பேரில் யாராவது ஒருவரிடம், போய்ப் பேசுப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை, நாடகத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் அவர் சொல்லிவிட்டார் என்றுதான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் ஏனுங்கப்பா மேடையில அப்படிப் பேசுனீங்க?"

மிளகுக் கொத்தைக் கீழே வைத்தார். "நான் அழுத அழுகைய இன்னொருத்தன் அத்தன பேருக்கு முன்னால அழுவறான். ஊரே என்னையத் திரும்பிப் பாக்குது. எங்கூடு இல்லைன்னு காட்டோணும்னு மட்டுந்தான் தோணுச்சு. என்ன பேசறன்னே தெரியல சாமி. பேசிட்டுப் பாத்தா அவன் நின்ன எடத்துல இல்ல."

உதிர்ந்து கிடந்த மிளகைக் கையால் ஒன்றாகக் கூட்டினார்.

"நீ அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு. அப்பனுக்கு முன்னாலயே தெரியும், மனசுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. நானும் பேசறேன்." பிறகு ஏதோ உறுத்தியது போல நிமிர்ந்தார். "அந்தப் பழக் கடை சங்கதி எனக்கே தெரியாது. அவன் உள்ளுக்குள்ள நெனச்சதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அது அந்த ஆளுக்கு எப்படிப் போச்சு? நீ ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லீங்கப்பா."

"அதானே. நீ சொல்ல மாட்டே."

போனை எடு என்று கையைக் காட்டினார். எடுத்தேன். அப்பாவும் அண்ணனும் பேசத் தொடங்கினால் பத்தாவது நிமிஷம் அந்தப் பழக் கடைக்கு வந்துவிடுவார்கள், வந்தால் அது என்னிடம்தான் முடியும். டவர் முழுசாக இருந்தது. திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"டவர் இல்லீங்கப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன்.